கிட்ட வா, கிட்ட வா

எங்கள் வீட்டுக்கு வாடகை ஏன் குறைவு என்பது குடிவந்து மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 2019 பிப்ரவரியில் வந்தோம். நியூகாசிலில் டைன் ஆற்றை ஒட்டி, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத் தடுத்துக் கட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடி. ஆறு தெரியும், பாலம் தெரியும், பேருந்து நிறுத்தமும் பக்கம். இதற்கு இவ்வளவுதான் வாடகையா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வீட்டுத் தரகர் சிரித்து மழுப்பிவிட்டார். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் விடியும் முன்னே சந்தைக்கடை இரைச்சல். எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். கருவாட்டுக் கொட்டகை வாடை முகத்தில் அடித்தது. தூத்துக்குடிக்காரிக்கு அது புதிதில்லை. ஆனால் கடலிலிருந்து 13 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஓர் ஆங்கிலேய ஊரில் எதிர்பார்க்கவில்லை.

எதிரே ஒரு கல் கட்டடம். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற சந்து. அதன் ஜன்னல்களுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கல் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நேற்று வரை காலியாகக் கிடந்த அந்த விளிம்பு முழுக்க வெள்ளைப் பறவைகள். சாம்பல் முதுகு, மஞ்சள் அலகு, கறுப்புக் கால், இறக்கை நுனி மட்டும் மைக்கூட்டில் தோய்த்து எடுத்த மாதிரிக் கறுப்பு. "சீகல்" என்றேன். கீழே வாசலில் இருக்கும் காவலாளித் தாத்தா திருத்தினார்: "சிப்ஸ் பிடுங்கித் தின்கிற கூட்டம் வேறே, பெட். இது கிட்டிவேக்." இந்த ஊரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் 'பெட்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் 'தாயி' என்பது போல.

கிட்டிவேக்கும் கடற்காகக் குடும்பம்தான். ஆனால் குப்பைமேட்டுக்கும் மீன் சந்தைக்கும் வந்து நிற்கிற சாதி இல்லை. ஆகஸ்டில் கூட்டை விட்டால் குளிர்காலம் முழுக்க அட்லாண்டிக்கில்தான். கனடாக் கரைப்பக்கம் வரை போய்விட்டு வருகிறவை உண்டு. கரைக்கு வருவது பிள்ளை பெற மட்டும். அதற்கும் செங்குத்துப் பாறையில் கால் வைக்க இடமில்லாத விளிம்பாகத் தேடிக்கொள்ளும். டைன் கரையில் பாறைக்குப் பதிலாகப் பாலமும் கட்டடமும். இந்தப் பக்கத்தில் இவை 1960-களிலிருந்து கூடு கட்டுகின்றன, இப்போது 1928-ல் திறந்த டைன் பாலத்திலும். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே கிட்டிவேக் குடியிருப்பு உலகத்தில் வேறெங்கும் இல்லை. இப்போது ஆற்றின் இரு கரையிலுமாக ஆயிரம் ஜோடிக்கு மேல்.

அன்று வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு ஜன்னலைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஏட்டி, அது கிட்ட வா, கிட்ட வான்னுல்லா கூப்பிடுது."

அப்புறம் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கவே இல்லை. கிட்ட-வேஏக், கிட்ட-வேஏக். துணை கூட்டுக்குத் திரும்பும்போது இரண்டும் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டி, செம்மஞ்சள் தொண்டை தெரிய வாயைத் திறந்து, இதைத்தான் சொல்லும். அம்மா அர்த்தம் தெரியாமல் அர்த்தம் சொல்லிவிட்டாள்.

நேர் எதிரே நடு விளிம்பில் இருந்த ஒன்றுக்கு இடது காலில் மஞ்சள் வளையம். ஆய்வுக்காரர்கள் யாரோ எப்போதோ போட்டது. மஞ்சக்காலன் என்று பேர் வைத்தோம். அதன் துணைக்கு வலது காலில் நடு விரல் உள்பக்கமாக மடங்கியிருக்கும். வந்து இறங்கும்போது ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கும், கண்ணில் பட்டுவிட்டால் மறக்காது. அவள் மடக்கி. ஆண் பெண் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏப்ரலில்தான் எது எது என்று புரிந்தது. மடக்கி குனிந்து அவன் அலகைத் தட்டித் தட்டிக் கேட்பாள். அவன் கழுத்தை இரண்டு தடவை முன்னும் பின்னும் இழுத்து, அரைத்த மீனைக் கக்குவான். அவள் அவன் வாய்க்குள்ளேயே அலகை விட்டு எடுத்துத் தின்பாள். ஒரு நாள்கூட இது மாறி நடந்ததில்லை. முட்டை இடப் போகிறவள் தின்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அதிலேயே பரீட்சையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவன் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறவனா, வந்தால் வெறும் கையோடு வருகிறவனா என்று முட்டைக்கு முன்னாலேயே தெரிந்துபோகிறதே.

இடம் பிடிப்பது ஆண். பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மேலே பறந்து போகிற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுக்கும். அவை வந்து பார்த்து, பிடித்தால் தங்கும், இல்லாவிட்டால் அடுத்த விளிம்புக்குப் போகும். நம்மூர்ப் பெண் பார்க்கும் படலம் அப்படியே தலைகீழ். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்க, பெண் வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் போகும். வீடும் நடுத்தெருவில் இருக்க வேண்டும். குடியிருப்பின் ஓரத்து விளிம்பைவிட நடுவில்தான் போட்டி. கோயிலைச் சுற்றி ரத வீதியில் வீடு கிடைப்பது மாதிரி. நடுவில் இடம் பிடிக்கிற ஆண்கள் ஓரத்து ஆண்களைவிட நெடுநாள் வாழ்கின்றன, குஞ்சும் அதிகம் வளர்க்கின்றன என்று 1968-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் கண்டவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2019-ல் இரண்டு முட்டை, இரண்டு குஞ்சு, இரண்டும் பறந்தன. ஒரு சாண் விளிம்பிலிருந்து குஞ்சு தவறி விழுந்துவிடாதா என்று எனக்குப் பயம். விழாது. மற்ற கடற்காகக் குஞ்சுகள் பிறந்த சில நாளிலேயே ஓடத் தொடங்கும். கிட்டிவேக் குஞ்சு சுவரைப் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். சண்டை வந்தாலும் ஓட இடமில்லை, அதனால் அலகைத் திருப்பி மறைத்துக்கொள்ளும். அப்போது பிடரியில் இருக்கிற கறுப்புப் பட்டை எதிரிக்குத் தெரியும், அடி நிற்கும். இங்கிருந்து வடக்கே ஃபார்ன் தீவுகளில் எஸ்தர் கல்லன் என்பவர் உட்கார்ந்து பார்த்து 1957-ல் இதையெல்லாம் எழுதினார். குஞ்சு இடம் மாறாது என்பதால் பெற்றோருக்குத் தன் குஞ்சு எது என்று அடையாளம் தெரிய வேண்டிய தேவையே ஆரம்பத்தில் இல்லை. வேறு குஞ்சைத் தூக்கி வைத்தாலும் ஊட்டும்.

2020-ல் எல்லாரும் வீட்டில் அடைந்தோம். அவர் மட்டும் அடையவில்லை, மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்கு வருவார். நான் ஒன்பது மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். நடுவில் இருக்கிற அரை மணியில் பிள்ளை கை மாறும். "பால் குடிச்சாச்சு. தூங்கலை." "சரி." அவ்வளவுதான் பேச்சு. எதிரே மஞ்சக்காலன் கடலிலிருந்து வந்து இறங்குவான், தலையாட்டிக் கூவல் முடியும், மடக்கி எழுந்து கால் நீட்டிப் பறப்பாள், இவன் முட்டையை அலகால் புரட்டிச் சரி செய்து, பின்பக்கத்தை இரண்டு தடவை ஆட்டி அமர்வான். அவர்கள் ஆள் மாறுவதற்கு முக்கால் நிமிடம். கையில் காபியோடு நின்று கணக்குப் பார்த்திருக்கிறேன். முட்டைக்கு ஏறக்குறைய 27 நாள் அடை. அந்த 27 நாளும் ஒரு நிமிடம்கூட விடாமல் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர் ஆற்றோடு கடல் வரை பறந்து, கடலில் இன்னும் எவ்வளவு தூரமோ போய், வயிறு நிரப்பித் திரும்ப வேண்டும். இதில் காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து அந்த முக்கால் நிமிடத்தில்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். கல்யாண நாள் வாழ்த்தோடு பறவைப் படம் அனுப்புவது அவர் பழக்கம். 'ஆயுள் முழுதும் ஒரே துணை, மனிதா கற்றுக்கொள்.' நாமும் அன்றில் பிரிந்தால் உயிர்விடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்து வந்தவர்கள். பெரியப்பாவுக்கு நான் பதில் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நார்த் ஷீல்ட்ஸ் கிடங்கைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

நார்த் ஷீல்ட்ஸ் இதே ஆறு கடலில் சேருகிற இடம். மெட்ரோ ரயிலில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றின் ஜன்னல் விளிம்புகளில் 1940-களின் கடைசியில் கிட்டிவேக்குகள் கூடு கட்ட ஆரம்பித்தன. நடு விளிம்பு, ஓர விளிம்பு வித்தியாசத்தைக் கண்டவர் என்று முன்பு சொன்னேனே, அவர் பேர் ஜான் கூல்சன். 1950-களில் அங்கே போய் உட்கார்ந்தார், முப்பது ஆண்டுக்கு மேல் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். பிறகு டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். பாறையென்றால் கயிறு கட்டித் தொங்க வேண்டும். கிடங்கென்றால் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பறவை. பிடித்துக் காலில் வண்ண வளையங்கள் போட்டார். ஒன்றுக்கு மட்டுமல்ல, ஜோடியில் இரண்டுக்கும். அதுதான் விஷயம். ஒன்றுக்கு மட்டும் வளையம் இருந்தால் அடுத்த ஆண்டு அது வேறு துணையோடு இருப்பது தெரியும், பழைய துணை செத்ததா பிரிந்ததா என்பது தெரியாது. இரண்டுக்கும் போட்டால்தான் பிரிவு எது சாவு எது என்று சொல்ல முடியும்.

1966-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருப்பது இது: முந்தைய ஆண்டின் துணையோடேயே மறுபடி சேர்ந்த பெண்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மீதி மூன்றில் ஒரு பங்குக்கு வேறு துணை. துணை செத்ததால் மாறியவை உண்டு, இரண்டும் உயிரோடு இருந்தே மாறியவையும் உண்டு. அப்படிப் பிரிந்தவற்றில் முந்தைய ஆண்டு முட்டை பொரிக்காமல் போன ஜோடிகள் வெகு அதிகம். ஆயுள் முழுதும் ஒரே துணை என்பதெல்லாம் குஞ்சு பொரிந்தால்தான்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணக்குப் பார்க்கிற தொழில், எதற்கும் இரண்டாவது தடவை கூட்டிப் பார்க்கும் புத்தி. கெட்டிக்காரப் பறவை துணையையும் தக்கவைத்துக்கொள்ளும், குஞ்சையும் நன்றாக வளர்க்கும், அப்படித்தானே? பழைய துணை என்பது காரணமா, இல்லை வெறும் அடையாளமா? கூல்சன் அதையும் யோசித்திருக்கிறார். ஒரே அளவு அனுபவமுள்ள பெண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் துணை மாற்றியவள் பிந்தித்தான் முட்டையிட்டாள், குறைவாக இட்டாள், வளர்த்த குஞ்சும் குறைவு. ஐந்தாறு தடவை பெற்றவளாக இருந்தாலும் புதியவனோடு முதல் ஆண்டு என்பது முதல் ஆண்டுதான்.

பிந்துவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. இவற்றின் உயிர் ஸேண்ட்-ஈல் என்கிற மீனில். விரல் நீளம், வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும், மணலுக்குள் புதைந்து வாழும். அது நீர்மட்டத்துக்கு வருகிற பருவம் குறுகியது. குஞ்சு வாய் பிளக்கும்போது மீன் மேலே இருந்தாக வேண்டும். மீன் பிந்தாது, பறவைதான் முந்த வேண்டும்.

2021-ல் மஞ்சக்காலனுக்கும் மடக்கிக்கும் ஒரு குஞ்சு பறந்தது. சொல்ல வேறொன்றும் இல்லை.

2022 மே மாதம் அம்மா வந்தாள். வந்த மறுநாளே சமையலறை ஜன்னல் அவளுடையதாகிவிட்டது. சின்ன வெங்காயத்தை மடியில் வைத்து உரித்துக்கொண்டே எதிர் விளிம்பைப் பார்த்தபடி இருப்பாள். என்னைவிட அவள்தான் நன்றாகக் கவனித்தாள். 'பொம்பளை ராத்திரி முழுக்க இருந்திருக்கா. காலையில இன்னும் மாத்து வரல' என்று நான் எழுந்திருக்கும்போதே செய்தி வாசிப்பாள்.

ஜூன் முதல் வாரம், புதன்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் போன மஞ்சக்காலன் வரவில்லை. மடக்கி இரவு முழுக்க இருந்தாள். காலை போனது. மதியம் போனது. சரியான கிழக்குக் காற்று, ஆற்றில் வெள்ளை அலை. இரண்டரை மணிக்கு மடக்கி எழுந்து நின்றாள். தவிட்டு நிறத்தில் கரும்புள்ளியோடு இரண்டு முட்டையும் தெரிந்தது. திரும்ப உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். மூன்றாவது தடவை விளிம்பின் ஓரத்துக்கு வந்து, அந்த மடங்கின விரலைக் கல்லில் ஊன்றி, கழுத்தை நீட்டி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், காதுக் கருவியைக் கழற்றிவிட்டு ஓடி வந்தேன். நான் வரும்போது மடக்கி பறந்துவிட்டாள்.

பெரிய கடற்காகம் ஒன்று கூரை மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஐந்து மணிக்கு மஞ்சக்காலன் வந்தான். கூவினான். யாரும் இல்லை. கூட்டுக்குள் இரண்டு மூன்று தடவை அலகை விட்டுப் பார்த்தான். அப்புறம் பின்பக்கத்தை இரண்டு தடவை ஆட்டி, வெறும் கூட்டில் அமர்ந்தான்.

"இவ்வளவு நேரம் எங்கட்டி போனான் இவன்?" என்றாள் அம்மா. கோபம் நிஜமான கோபம். என் அப்பா தோணியில் இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி. பத்து நாளில் வருகிறேன் என்று போய் ஒரு மாதம் கழித்து வந்த கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. "உங்கப்பா ஒரு தடவை நாப்பது நாளு. காத்து சரியில்லைன்னு அங்கயே கெடந்துட்டாவ. நான் எந்திரிச்சா போனேன்?" என்றவள், வெங்காயத் தோலை ஊதிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "போயிருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

தப்பு யாருடையது என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் பெரிய பஞ்சாயத்து. அவர் மஞ்சக்காலன் பக்கம், காற்று அப்படி என்றார். அம்மா மடக்கி பக்கம். எனக்குத் தோன்றியது வேறு. இருபது மணி நேரம் பட்டினியாக உட்கார்ந்தவள் போனது தப்பில்லை. காற்றில் மாட்டியவன் பிந்தியதும் தப்பில்லை. ஆனால் முட்டை போனது போனதுதான். பறவைக்கும் மன்னிப்புக் கணக்கு இருக்குமா தெரியாது, இருபது மணி நேரத்துக் கணக்கு நிச்சயம் இருக்கிறது.

2023 மார்ச்சில் மஞ்சக்காலன் தன் விளிம்புக்கு வந்தான். பக்கத்தில் ஒரு புதுப் பறவை. விரல்கள் எல்லாம் நேராக இருந்தன. மடக்கி செத்துவிட்டாள் என்று நினைத்தேன். முந்தின ஆண்டு பறவைக் காய்ச்சல் இந்தக் கரையையும் விடவில்லை. கோடையில் ஆற்றோரத்தில் இறந்த பறவைகளைக் கையுறை போட்டு அள்ளியதைப் பார்த்தேன். ஆனால் ஏப்ரல் நடுவில் ஒரு நாள் துணி காயப்போட முன்பக்கம் போனவள், அதே கட்டடத்தின் ஆற்றுப் பக்க மூலையில், கடைசி விளிம்பில், இறங்கும்போது தடுமாறுகிற ஒன்றைப் பார்த்தேன். தொலைநோக்கியை எடுத்து வந்து பார்த்தால் அதே விரல். பக்கத்தில் வேறொருவன், அவளுக்குக் கக்கி ஊட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு போன் போட்டேன். "மூலை வீட்டுக்குப் போயிட்டாளா" என்றாள். "நடுவூட்டை விட்டுட்டு." அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விவாகரத்து என்றே பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. விவாகரத்தில் வக்கீல், வழக்கு, பிள்ளை யாருக்கு என்றெல்லாம் இருக்கிறது. இது, இந்த ஆண்டு உன்னோடு முறை போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை, அடுத்த ஆண்டு வேறு ஆளோடு போட்டுப் பார்க்கிறேன் என்பது. வீடு ஆணிடம் இருக்கும், அவள் கிளம்பிவிடுவாள்.

துணையை மாற்றுவதற்கு எப்போதும் கூட்டில் நடந்த தோல்விதான் காரணம் என்றும் இல்லை. ஃபாக்லாந்து தீவுகளில் கரும்புருவ ஆல்பட்ராஸ்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அவை கிட்டிவேக்கைவிட ரொம்ப உறுதி, சராசரியில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவாகத்தான் பிரியும். கடல் சூடான ஆண்டுகளில் அது எட்டு வரை போனது. குஞ்சு பொரித்த பெண்கள்கூடப் பிரிந்தன. வீட்டில் சண்டை வருவதற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. சம்பளம் குறைந்த வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று சண்டை வருவதை நாம் பார்க்காததா?

புதுப்பெண் மஞ்சக்காலனை எதற்காகத் தேர்ந்தெடுத்தாள்? நடு விளிம்பு, ஊட்டுகிறவன், அனுபவஸ்தன், இதெல்லாம் எனக்குத் தெரிகிற காரணங்கள். தெரியாததும் இருக்கிறது. அலாஸ்காவில் மிடில்டன் தீவு என்று ஒன்று. அமெரிக்க விமானப்படை கைவிட்டுப் போன ராடார் கோபுரம் அங்கே இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் விளிம்புகள் வைத்துக் கொடுத்து, கிட்டிவேக்குகளைக் குடியமர்த்தி, ஒருபக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மறுபடியும் ஜன்னல்தான். இந்தப் பறவையைப் பற்றி மனுஷனுக்குத் தெரிந்ததில் பாதி யாரோ ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததால் தெரிந்தது. அங்கே குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒவ்வொரு குஞ்சும் கூட்டுக்காரனுடைய குஞ்சேதான். ஊருக்கு ஒரே துணையாகத் தெரிகிற எத்தனையோ பறவைகளில் கூட்டில் அயலான் குஞ்சு இருக்கும், இவற்றில் இல்லை. அப்புறம் ஜோடிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். குருட்டுப்போக்கில் சேர்ந்தால் இருக்கக்கூடியதைவிட, தங்களோடு உறவில் தள்ளியிருக்கிற துணையோடுதான் அதிகம் சேர்ந்திருந்தன. அப்படிச் சேர்ந்தவற்றின் குஞ்சுகள் நன்றாகவும் வளர்ந்தன. நெருங்கிய மரபணுக்காரர்களின் குஞ்சுகள் பின்தங்கின. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவளும் அப்பாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. "அப்படியா? நீ நல்லாத்தான வளர்ந்தே" என்றாள்.

புதுப்பெண்ணோடு முதல் ஆண்டு கூல்சன் சொன்னது அப்படியே நடந்தது. மற்ற கூடுகளில் மே கடைசியில் முட்டை விழுந்துவிட்டது. இங்கே ஜூன் 6. ஒரே முட்டை. ஆள் மாறுவதில் தினமும் குளறுபடி. அவன் வந்து நின்றாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள், அவன் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி உட்காரப் பார்ப்பான். சில நாள் இரண்டும் சேர்ந்து ஒரே முட்டையின் மேல் நின்றுகொண்டிருக்கும். முக்கால் நிமிடம் ஏழெட்டு நிமிடமானது. எப்படியோ குஞ்சு பொரித்தது. பதினாறாம் நாள் காலையில் கூட்டில் இல்லை. விழுந்ததா, யாராவது தூக்கியதா, நான் பார்க்கவில்லை.

ஒரு கூட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரே ஒரு ரசீதை வைத்துக் கணக்கு முடிக்கிற ஆளை நானே திட்டுவேன். ஆனாலும் 2024-ல் அதே ஜோடி திரும்பி வந்து, ஏப்ரலிலேயே சேறும் புல்லும் கொண்டுவந்து மிதித்து மிதித்துக் கூட்டைத் திடப்படுத்தி, மே 23-ல் முதல் முட்டை, 25-ல் இரண்டாவது என்று போட்டபோது, நானும் அவரும் சமையலறையில் நின்று கை தட்டினோம். ஆள் மாற்றத்துக்கு ஒரு நிமிடத்துக்குள். அவளும் எழுந்திருக்கப் பழகிவிட்டாள், அவனும் தள்ளாமல் நிற்கப் பழகிவிட்டான். ஒரு குஞ்சு ஆகஸ்ட் 2-ல் பறந்தது. மற்றது எலும்பாகவே இருந்து ஜூலையில் செத்தது. அந்த ஆண்டுதான் வட கடலில் இங்கிலாந்துக்குரிய பகுதியில் ஸேண்ட்-ஈல் பிடிப்பதற்குத் தடை வந்தது. இங்கே பாலத்தில் பழுதுபார்ப்பு வேலையும் அந்த ஆண்டே தொடங்கியது. சாரத்தில் பறவைகளுக்கு இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

நவம்பரில் எதிர்க் கட்டடம் கை மாறியது. புது உரிமையாளர் யாரோ, பேர் எனக்கு வேண்டாம். இரண்டு ஆட்கள் தூக்கியில் ஏறி வந்து பழைய கூடுகளைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். விளிம்பு முழுக்கக் கறுப்பு வலை இழுத்து ஆணியடித்தார்கள். ஆறு வருஷத்துச் சேறும் புல்லும் மூன்று மூட்டைக்குள் அடங்கிவிட்டது. சட்டப்படி தப்பில்லை. பறவை இருக்கிற கூட்டைத் தொட்டால்தான் இங்கே குற்றம், 1981-லிருந்து அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நவம்பரில் பறவை ஏது? ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். சுகாதாரம், கட்டடப் பாதுகாப்பு என்று நான்கு வரியில் பதில் வந்தது. கருவாட்டு வாடையைப் பற்றி முதல் மாதம் நானே தரகரிடம் புகார் சொல்லியிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. விடியும் முன்னே சத்தம். எழுந்து போனேன். வலையில் மஞ்சக்காலன். வலைக்கு வெளியே நகத்தால் பற்றிக்கொண்டு இறக்கையை அடித்து அடித்து நிற்கப் பார்த்தான். ஒரு தடவைக்கு ஏழெட்டு நொடிதான் நிற்க முடியும். விழுவான், சந்தில் ஒரு சுற்றுச் சுற்றுவான், அதே இடத்துக்கு வந்து மறுபடி பற்றுவான். அந்த இடம்தான், ஒரு முழம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. பத்து நாள் இப்படி. நான்காம் நாள் புதுப்பெண்ணும் வந்தாள், அல்லது அவள் என்று நினைக்கிறேன், அவளுக்குத்தான் வளையமும் இல்லை, மடங்கின விரலும் இல்லையே. அவன் வலையைப் பற்றியிருக்கும்போது அவளும் வந்து பற்றுவாள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல நான்கு நொடி கிடைக்கும். அந்த நான்கு நொடியில் தலையாட்டிக் கூவுவார்கள்.

பத்தாம் நாளுக்குப் பிறகு இரண்டையும் காணோம்.

அம்மா தினமும் போனில் கேட்டாள். வலை என்று சொன்னதும் முதல் நாள் அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "கேட்ஸ்ஹெட் பக்கம் பாரு. அங்க கோபுரம் ஒண்ணு இருக்குல்லா" என்றாள். 2022-ல் நடந்து போய்ப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆற்றின் அக்கரையில், பால்டிக் மாவு ஆலையைக் கலைக்கூடமாக மாற்றியபோது அதிலிருந்த கிட்டிவேக்குகளுக்கு வீடு போனது. அவற்றுக்காகத் தட்டுத் தட்டாக விளிம்பு வைத்து ஒரு இரும்புக் கோபுரம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மில்லெனியம் பாலத்தில் அக்கரைக்குப் போனேன். கோபுரத்தில் நடுத் தட்டுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கீழிருந்து இரண்டாவது தட்டில், ஓரத்தில், கூடு இல்லாத வெறும் பலகையில் ஒன்று தனியாக உட்கார்ந்து, கழுத்தைத் தாழ்த்தி, மேலே போகிறவர்களைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தொலைநோக்கியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. இடது காலில் மஞ்சள்.

ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான்கைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எவளும் தங்கவில்லை. பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. அம்மாவுக்கு போன் போட்டு, ஆற்றுக் காற்றில் சரியாகக் கேட்கட்டும் என்று கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"அவன்தான்" என்றாள் அம்மா.